நல்ல சேதிக்குப் பரிசு

பருத்தி மூட்டை சுமந்து சுமந்து அன்சுரத்துக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. ஆனாலும் சேதி காதில் விழுந்ததும் மூட்டையைப் போட்டுவிட்டு முதலாளி துர்குன்பாய் வீட்டுக்கு ஓடினாள். நல்ல சேதியை முதலில் சொல்கிறவருக்குப் பரிசு கொடுத்தே ஆகவேண்டும். அது ஊர் வழக்கம்.

“பரிசு குடுங்க முதலாளி! டாக்டர் படிப்புல சேர்ற பரீட்சையில உங்க பெரியவ ஷானோசாதான் முதலாவது!”

முதலாளியம்மா சிரித்தாள். “இந்த லூலி நாடோடிகளுக்கு மூக்குல வேர்த்துடும். ஒரு துணியக் குடுத்து அனுப்புங்க.”

“துணி வேண்டாம்மா. முதலாளி சொன்னதைக் குடுத்தாப் போதும்.”

“நான் என்னடி சொன்னேன்?” என்றார் முதலாளி.

“இந்த நாட்டு ஆளுன்னு காட்டுற பாஸ்போர்ட் இல்லாத லூலிப் பொண்ணு தன் பேர்ல பரீட்சை எழுத முடியாது, ஷானோசா பேர்ல எழுதட்டும், அவளுக்கு நானே பாஸ்போர்ட் வாங்கித் தர்றேன்னு சொன்னீங்களே. எம்பொண்ணு எழுதிட்டா. முதலாவதாவும் வந்துட்டா.”

துர்குன்பாய் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“இப்ப என்ன அவசரம்? அடுத்த வருஷம் எங்க சின்னவளுக்கும் பரீட்சை இருக்குல்ல? அதையும் எழுதட்டும், பார்க்கலாம்.”

அன்சுரத் துணியோடு திரும்பி வந்து மூட்டையைத் தூக்கினாள். மகளுக்கு அவர் தரவேண்டிய பாஸ்போர்ட் பாக்கியாகவே நின்றது.