பண்பாட்டுக்கு ஒரு புள்ளி

"அத்தை, இங்க கிடந்த குப்பை எங்க?"

"குப்பை எங்க இருக்கணுமோ அங்க இருக்கு. பின்சந்துல பெரிய தொட்டி வச்சிருக்காங்கல்ல, அதுல போட்டுட்டு வந்தேன்."

வைஷாலி சுவரையும் மாமியாரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

சுவரில் குங்கும நிற வினைல் எழுத்துகள், ஒவ்வொன்றும் ஒரு சாண் உயரம். 'பணபாடு' என்று இருந்தது. 'பண்பாடு' என்று இருந்திருக்க வேண்டும்.

டன்லப் ஸ்திரீட்டில், துணிக்கடைக்கு மேல்மாடியில், நடேசன் இன்று திறக்கிற நடனப் பள்ளியின் பெயர் அது. வைஷாலி, தூரத்தில் ஈசூன் பேட்டையிலுள்ள தன் வீட்டில் ஒரு வெட்டும் மெஷினை வைத்துக்கொண்டு சுவர் ஸ்டிக்கர் செய்கிறவள். தோழிகளின் பிள்ளைகளுக்கு யானை, பட்டாம்பூச்சி என்று சும்மா வெட்டிக் கொடுத்ததை விட்டுவிட்டால், இதுதான் முதல் வியாபாரம்.

மெஷின் கோடு மாறாமல் நறுக்கிக் கொடுத்துவிடும். எழுத்தைச் சுற்றியிருக்கிற வேண்டாத வினைலைக் கையால்தான் உரித்தெடுக்க வேண்டும். வீட்டில் அதற்கு நேரமில்லாமல், இங்கே வந்து தரையில் உட்கார்ந்து அவசர அவசரமாக உரித்தாள். 'ண்' மேல் இருந்த புள்ளி வேண்டாததோடு சேர்ந்து போய்விட்டது.

"புள்ளி போயிடுச்சு அத்தை."

"ஒரு புள்ளிக்கா முழிக்கிற? பக்கத்து எழுத்துலேர்ந்து ஒண்ணு எடுத்து ஒட்டு."

"இந்த வார்த்தையிலயே ஒரே ஒரு புள்ளிதான் இருக்கு. மிச்ச ரோல் வீட்டுல கிடக்கு. போயிட்டு வர்றதுக்குள்ள விழாவே முடிஞ்சிடும்."

"பேனால வரைஞ்சிடேன்."

"கறுப்பு மார்க்கர்தான் இருக்கு. சிவப்பு எழுத்து மேல கறுப்பா வச்சா திருஷ்டிப் பொட்டு மாதிரி தெரியும். இப்படியே விட்டா, பணத்துக்குப் படுற பாடுன்னு படிப்பாங்க."

மாமியார் கமலம் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்துப் பார்த்தாள். "நடேசனுக்குப் பொருத்தமாத்தான் இருக்கு லா. வெலை பேசுறப்ப உன்னை என்ன பாடு படுத்துனாரு."

வைஷாலிக்குச் சிரிப்பு வரவில்லை. மெஷின் வீட்டுக்குள் நுழைந்த நாளிலிருந்தே கமலத்துக்கு அதைக் கண்டால் ஆகாது. எலி கரண்டுகிற சத்தம் என்பாள். 'இந்த வேலை சொதப்புச்சுன்னா மெஷினை வித்துட்டு மறுபடி ஆபீசுக்குப் போகணும்' என்று, மகன் பிரேமைச் சாட்சிக்கு உட்கார வைத்து மருமகளிடம் வாக்கு வாங்கியிருந்தாள்.

இன்று கூடமாட உதவிக்கு வருகிறேன் என்று அவள் கிளம்பியதே வைஷாலிக்கு உறுத்தியது. லிஃப்ட் வருவதற்குள் ஆரம்பித்தும் விட்டாள். "நல்ல காரியத்துக்கு வெறும் நெத்தியோடவா வருவ? நாலு பேர் பாத்தா உன்னையா கேப்பாங்க, என்னைத்தான் கேப்பாங்க."

இப்போது, யாரும் சொல்லாமலே, குப்பையை அள்ளிக்கொண்டு போய்ப் போட்டிருக்கிறாள்.

கீழே நடேசனின் குரல் கேட்டது. "வாங்க, வாங்க. மாடிதான். படி கொஞ்சம் செங்குத்து, பாத்து ஏறுங்க."

"வேணும்னேதானே செஞ்சீங்க?"

கேட்ட பிறகுதான் கேட்டுவிட்டோம் என்பது வைஷாலிக்கு உறைத்தது. கமலம் அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

திறப்புக்கென்று கட்டியிருந்த பட்டுத் திரையை எழுத்தின் மேல் இழுத்துவிட்டு, வைஷாலி பின்படி வழியாக ஓடினாள்.

சந்தில் குப்பை லாரி திருப்பத்தில் மறைந்துகொண்டிருந்தது. தொட்டிக்குள் தலையை விட்டுப் பார்த்தாள். அடியில் ஒரு வாழை இலை மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

மூச்சு வாங்க மேலே வந்தபோது வாசல் முழுக்கச் செருப்பு. கூடம் முழுக்கப் பட்டுப்புடவை. சுவர்ப் பக்கம் நெருங்க முடியவில்லை. கதவோரம் ஒண்டிக்கொண்டாள்.

நடேசன் மைக்கைப் பிடித்திருந்தார். "பண்பாடுங்கிறது என்ன? பணத்தால வாங்க முடியாதது."

இவர் வேறு எடுத்துக் கொடுக்கிறாரே. மெஷினை வாங்க வருகிறவருக்குக் கத்தியைத் தனியாகக் கழற்றிக் கொடுக்க வேண்டுமா, அப்படியே கொடுக்கலாமா என்றுகூட வைஷாலியின் மனம் யோசிக்க ஆரம்பித்துவிட்டது.

சிறப்பு விருந்தினர் கயிற்றை இழுத்தார். வைஷாலி கண்ணை மூடிக்கொண்டாள்.

கைதட்டல்.

ஒருவரும் சிரிக்கவில்லையே என்று மெதுவாகக் கண்ணைத் திறந்தாள். சுவரில் 'பண்பாடு' என்று இருந்தது. 'ண்' மேல் புள்ளி, நட்ட நடுவில், கச்சிதமான வட்டமாக உட்கார்ந்திருந்தது.

கூட்டம் பலகாரத் தட்டுப் பக்கம் நகர்ந்ததும், நடேசன் சுவரை ஒட்டி நின்று எழுத்து எழுத்தாக விரலால் தடவிப் பார்த்தார். வாங்கின சாமானில் ஒரு குறை கண்டால் நூறு வெள்ளி குறைக்கலாம் என்று தெரிந்த விரல் அது.

"வைஷாலி, இங்க வாம்மா. எல்லாம் பளபளன்னு இருக்கு, இந்தப் புள்ளி மட்டும் ஏன் வெல்வெட் மாதிரி இருக்கு?"

வைஷாலி கிட்டப் போய்ப் பார்த்தாள்.

பின்னாலிருந்து கமலத்தின் குரல் வந்தது. "உங்க பண்பாடே அந்தப் புள்ளியிலதான் நிக்குது. அதான் அதுக்கு மட்டும் வெல்வெட்டு. எக்ஸ்ட்ரா கேக்கலாம்னு மருமக சொன்னா, நாந்தான் பாவம், வேணாம்னுட்டேன்."

"அருமையா இருக்கு, அருமையா இருக்கு," என்று நடேசன் அவசரமாக அங்கிருந்து நகர்ந்தார்.

வைஷாலி திரும்பிப் பார்த்தாள்.

பட்டுப்புடவைகளுக்கு நடுவில், நாலு பேர் பார்க்க, வெறும் நெற்றியோடு நின்றுகொண்டிருந்தாள் கமலம்.