குளிர் ஆகாத பை

மொழிபெயர்ப்பாளருக்காகப் போட்ட அழைப்பில் வெறும் இசைதான் ஓடிக்கொண்டிருந்தது.

வார்டு மேனேஜர் பொறுத்துப் பார்த்தார். பிறகு அழைப்பைத் துண்டித்துவிட்டு ஆங்கிலத்திலேயே பேசத் தொடங்கினார்.

எதிரே கறுப்பு உடுப்பில் பிலோமினம்மா. லண்டன் மோர்டன் தேவாலயத்தில் பூசை வைத்து, மகன் ஜதுசனை அடக்கம் செய்துவிட்டு வந்திருந்தார்.

அவருக்குப் பக்கத்து நாற்காலியில் துசியந்தி. விசாரணை முடியும்வரை வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லப்பட்ட நர்ஸ்.

ஜதுசனுக்கு இரத்தப் புற்றுநோய். அன்று தலைக்குள் இரத்தம் கசியத் தொடங்கியிருந்தது. அதை நிறுத்த பிளேட்லெட் ஏற்ற வேண்டும் என்றார்கள். இரத்த வங்கியிலிருந்து ஒரேயொரு பை வந்தது, வெளிறிய மஞ்சள் நிறத்தில்.

சிவப்பு இரத்தம் குளிரில் இருக்க வேண்டும். பிளேட்லெட்டுக்கோ குளிர் ஆகாது. அறைச் சூட்டில், ஓயாமல் ஆடிக்கொண்டிருக்கும் தட்டில் வைத்துத்தான் அதைப் பாதுகாப்பார்கள். குளிர்பட்டால் குப்பைக்குத்தான் போகும்.

அந்தப் பையைத்தான், உறவினர்களும் சாப்பாடு வைக்கும் வார்டுச் சமையலறை பிரிட்ஜில், யோகர்ட்டுக்கும் ஜூஸுக்கும் நடுவிலிருந்து எடுத்தார்கள். அடுத்த பை லண்டன் வாகன நெரிசலில் ஊர்ந்து வந்து சேர்ந்தபோது ஜதுசன் இல்லை.

‘நான்தான் வைத்தேன்’ என்று துசியந்தி எழுதிக் கொடுத்திருந்தாள். முதலில் பையைக் கட்டிலருகே மேசையில் விட்டுவிட்டு, பக்கத்தில் விழுந்த கிழவரைத் தூக்க ஓடியதையும் எழுதியிருந்தாள்.

மேனேஜரால் நம்ப முடியவில்லை. பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கே தெரிந்த விஷயம். இத்தனை வருட நர்ஸ் எப்படி இதைச் செய்தாள்? யானைக்கும் அடி சறுக்கும் என்று சொல்ல அந்த அறையில் ஆளில்லை. இனி இந்த நாட்டில் அவள் ஊசி பிடிப்பாளா என்பதே சந்தேகம்தான்.

ஊர் வாய் சும்மா இருக்குமா? தமிழ்ப் பிள்ளையைத் தமிழ்ப் பிள்ளையே கொன்றுவிட்டாள் என்று லண்டனில் தமிழர் இருக்கும் மிட்சமிலிருந்து ஸ்ட்ரெதம்வரை கதை போய்விட்டது. என்ன செய்தாள் என்பது ஒருவருக்கும் தெரியாது. செய்தாள் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

மேனேஜர் பேசி முடித்தார். பை வைக்கக்கூடாத இடத்தில் வைக்கப்பட்டுவிட்டது, மருத்துவமனை மிகவும் வருந்துகிறது. வருத்தம் தெரிவிப்பதில் இந்த ஊர்க்காரர்களை மிஞ்ச முடியாது.

பிலோமினம்மாவுக்கு அந்த வருத்தம் மட்டும் விளங்கியது. மீன்கடையில் விலை சொல்லும் அளவு ஆங்கிலம்தான் அவருக்குத் தெரியும். துசியந்தியின் பக்கம் திரும்பி, என்ன சொல்லுகிறார், ஏன் பழுதாய்ப் போனதாம் என்று கேட்டார்.

வார்டில் ஒரு தமிழ் நர்ஸ் இருக்கிறாள் என்று முதல் நாள் மாதாவுக்கு நன்றி சொன்ன மனுஷி. துசியந்தி அந்த முகத்தை நேரே பார்க்காமல் சொன்னாள்.

“நான் வெளியிலை வைச்சிட்டனம்மா. சூட்டிலை பழுதாப் போச்சுது.”

பொய். அதுவும் தலைகீழான பொய். மேனேஜருக்குத் தமிழ் தெரிந்திருந்தால் நாற்காலியை விட்டே எழுந்திருப்பார்.

பிலோமினம்மாவுக்கு அழுகை வரவில்லை. வெறுப்புத்தான் வந்தது.

“மேசையிலை கிடந்ததை நான்தானேடி பழுதாகாமல் பிரிட்ஜுக்குள்ளை வைச்சனான். அதுக்குள்ளையே விட்டிருந்தா என்ரை பிள்ளை இருந்திருப்பான். ஏன் வெளியிலை எடுத்தனீ?”

துசியந்திக்கு அது அன்றே தெரியும்.

அம்மா என்ன சொல்கிறார் என்று மேனேஜர் கேட்டார்.

எல்லாம் நர்ஸான என் பிழைதான் என்கிறார் என்று துசியந்தி ஆங்கிலத்தில் சொன்னாள்.