பக்கத்து இலை

"வியாழக்கிழமையானா மொதலாளி எங்கதான் போறாக?" என்று கேட்டாள் சமையல்கார ஒச்சாயி.

"எண்ணெய் வியாபாரம்தான். அவனியாபுரத்துல ஒரு பார்ட்டி இருக்காம்" என்றாள் அன்னக்கொடி.

"பூ வச்ச பார்ட்டியா இருக்கப் போகுது. பாத்துக்கங்க!"

போன வாரம் இதே கேலிக்கு அவளும் சேர்ந்துதான் சிரித்தாள். இந்த வாரம் சிரிப்பு வரவில்லை.

காளவாசலில் கடலை எண்ணெய் ஆலை வைத்திருந்தார்கள், அவளும் கணவர் நல்லகாமனும். வியாழன் மதியம் ஆலை முற்றத்தில் ஏழைகளுக்குச் சாப்பாடு. இருவருமாக ஆரம்பித்த தர்மம். முதல் பந்தியிலிருந்து கடைசிப் பந்தி வரை அவள்தான் நின்று பரிமாறுவாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் அவர் காரை எடுக்கிறார்.

போகும்முன் சட்டை மாற்றுகிறார். திரும்பும்போது வாயில் வெற்றிலைச் சிவப்பு. சாப்பிடக் கூப்பிட்டால் பசியில்லை என்கிறார்.

எங்கே சாப்பிடுகிறார்? யார் கையால்?

இன்று சாம்பார் வாளியை ஒச்சாயியிடம் கொடுத்துவிட்டு, ஆட்டோ பிடித்து அவர் காரின் பின்னாலேயே போனாள்.

அவனியாபுரத்தில் ஓர் ஓட்டு வீட்டு வாசலில் கார் நின்றது. சுவரில் 'மாயக்காள் மெஸ்' என்று எழுதியிருந்தது. பெண் பெயரைப் பார்த்ததுமே இறங்கி ஆட்டோவை அனுப்பிவிட்டாள்.

கதவோரம் நின்று எட்டிப் பார்த்தாள்.

பாயில் அவர். அவருக்கு முன்னால் ஓர் இலை. பக்கத்தில் இன்னோர் இலை. அதற்கு ஆள் இல்லை.

வாளியோடு வந்த மாயக்காளுக்கு அறுபதுக்குக் குறையாது. அப்படியானால் இவள் இல்லை. வேறொருத்தி.

வரட்டும். முகத்தைப் பார்க்காமல் போவதில்லை.

"என்ன தம்பி, வாரா வாரம் ரெண்டு இலை போடச் சொல்றீக. இன்னைக்காச்சும் அவுக வருவாகளா? இல்ல, வழக்கம்போல தெருவுல போறவுக யாரையாச்சும் கூப்பிட்டு உக்கார வைக்கவா?"

கரண்டி பக்கத்து இலைக்குப் போனதும் அவர் கையை நீட்டி மறைத்தார்.

"அதுல கத்திரிக்காய் வைக்காதீக. தின்னா அவளுக்கு ஒடம்பெல்லாம் தடிச்சிரும்."

அன்னக்கொடி கதவைப் பிடித்துக்கொண்டாள்.

கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை அவளுக்கு அப்படித் தடித்தது. அதற்குப் பிறகு அவள் கத்திரிக்காயைத் தொட்டதில்லை. அவளே மறந்துபோன விஷயம்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். திகைக்கவில்லை. எழவும் இல்லை. பாயில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.

பிறகு, இலையைப் பார்த்தபடியே சொன்னார்:

"கேக்கணும் கேக்கணும்னு வருசக்கணக்காச்சு. ஊருக்கெல்லாம் நின்னு பரிமாறுற. ஒரு நாளாச்சும் என் பக்கத்துல உக்காந்து சாப்பிடு, அன்னம்."