தட்டு எடுக்கும் வரை

மூன்றாம் முறையாக மகள் என் தட்டில் சோறு வைத்தபோது எனக்குக் கோபம் வந்தது.

போதும் என்று சைகை காட்டியும் வைத்தாள். அப்பன் வயிறு தெரியாதவளா இவள்?

எதிரில் அவள் மாமனார். மேசையைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, என்னை மூலையில் உட்காரவைத்திருந்தார்கள். சம்பந்தி எழுந்து மேசையை நகர்த்தினால்தான் நான் வெளியே வர முடியும்.

பெண்ணைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போகிற விஷயமாகப் பேச வேண்டும், வாருங்கள் என்று போனில் சொன்னவர் அவர்தான். என்ன குறை என்று கேட்டேன். நேரில் என்றார். நேரில் வந்து கேட்டேன்.

“மொதல்ல சாப்பாடு சம்பந்தி. பேச்சு எங்க ஓடிப்போகுது?”

இந்தச் சீமை வழக்கம் அப்படி. விருந்தாளி முன்னால் தட்டு இருக்கிறவரை நல்லது கெட்டது எதுவும் பேசக்கூடாது. விருந்தாளி சாப்பிட்டு முடிக்காமல் வீட்டுக்காரர் எழவும் கூடாது, சாப்பிடுவதை நிறுத்தவும் கூடாது. கல்யாணத்தின்போதே சொன்னார்கள். மரியாதை தெரிந்த சனம் என்று அன்றைக்கு ஊரெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

லாரி ஓட்டிப் பிழைத்தவன் நான். படிப்பு கிடையாது. ஒரு ஊர்க்காரனை எடைபோட அவன் ஊர் டீயும் குழம்பும் எனக்குப் போதும். காரம் தூக்கலாக இருந்தால் சண்டை வாசலிலேயே முடிந்துவிடும். பாலில் தண்ணீர் விடுகிறவன் பேச்சிலும் விடுவான்.

இங்கே எதுவும் பிடிபடவில்லை. வந்ததும் இளஞ்சூடாக ஒரு கஷாயம் கொடுத்தார்கள். கசப்பா துவர்ப்பா, தெரியவில்லை. குழம்பில் காரமே இல்லை, உப்பும் மட்டு. கோபத்தைக்கூட ஆறவைத்துப் பரிமாறுகிற ஊர்.

அதுதான் பயமே. வெட்டப்போகிற ஆட்டுக்குத்தான் இவ்வளவு பதமாகத் தழை காட்டுவார்கள்.

மாப்பிள்ளை எங்கே என்றேன். வெளியூர் வேலையாம். என்னை வரச்சொன்ன நாளாகப் பார்த்து வெளியூர் வேலை. நான் நம்பவில்லை. அடுக்களை நிலையில் நின்றிருந்த சம்பந்தியம்மா மகளைப் பார்த்தாள், என் தட்டைப் பார்த்தாள்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். சட்டென்று கை கழுவி, அவர்கள் சொல்வதைக் கேட்டுத் தொலைத்து, பிள்ளையை அழைத்துக்கொண்டு இருட்டுமுன் பஸ் ஏறிவிட வேண்டும். அவள் ஒருத்திக்குச் சோறு போட எனக்கு வக்கில்லையா?

மகள் மறுபடி கரண்டியோடு வந்தாள். தட்டின்மேல் கையை விரித்து மறைத்தேன்.

சம்பந்தி முகத்தில் உயிர் வந்தது. பாவம், எனக்கு ஈடாகத் தின்று தின்று அவரும் நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தார். எழப்போனவருக்கு விக்கல் பிடித்துக்கொண்டது. சம்பந்தியம்மா தண்ணீருக்கு உள்ளே ஓடினாள்.

அந்த விக்கல் சத்தத்தில் மகள் என் காதோரம் குனிந்தாள்.

“உங்கள வரச்சொன்னத இவங்க உங்க மாப்பிள்ளைக்குச் சொல்லவே இல்லப்பா. நான்தான் போன் பண்ணேன், வந்துட்டிருக்காரு. அதுவரைக்கும் தட்ட எடுக்க விட்ராதீங்க.”

கூட்டிக்கொண்டு போவதென்று நானாக முடிவு செய்துகொண்டுதான் வந்திருந்தேன். வருகிறாயா என்று அவளிடம் கேட்கத் தோன்றவில்லை.

அவன் வந்து சேர்வானா, வந்தாலும் பெற்றவர்கள் முன்னால் வாய் திறப்பானா, எனக்கு நம்பிக்கையில்லை. அவள் கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

என் கையைத் தட்டிலிருந்து எடுத்தேன். குழம்பு பிரமாதம் சம்பந்தி, இன்னும் ரெண்டு கரண்டி ஊற்றச் சொல்லுங்கள் என்றேன்.

சம்பந்தி விக்கலோடு என்னைப் பார்த்தார்.

பிறகு, வேறு வழியில்லாமல், தன் தட்டையும் நீட்டினார்.