செடிக்கு வைத்த விளக்கு

"இந்த ஒரு செடிக்கு மட்டும் சூரியனையே கொண்டுவந்து கட்டித் தொங்கவிட்டிருக்கீங்களே, இது என்ன பட்டத்து இளவரசியா?"

மேனேஜர் கேட்டுக்கொண்டே படியிறங்கி வந்தார். அலுவலகத்தின் பழைய கோப்புகள் எல்லாம் அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத அந்த அறையில்தான் இருந்தன. இரும்பு அலமாரிகளுக்கு நடுவே ஒரு மேஜை. மேஜைமேல் ஒரு செடி. செடியின் தலைக்கு மேல், வளைந்த கம்பியில் ஒரு விளக்கு.

மேஜைக்குச் சொந்தக்காரனான ரெக்கார்டு கிளார்க் எழுந்து நின்றான். நாற்பதை நெருங்கும் பிரம்மச்சாரி. ஈரத்துணியால் இலைகளைத் துடைத்துக்கொண்டிருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். அலுவலகங்களுக்கு வாடகைக்குச் செடி வைக்கும் கம்பெனியிலிருந்து வியாழக்கிழமைதோறும் வருபவள். இங்கே எல்லோருக்கும் அவள் 'செடி மேடம்'.

"இது ஃபுல் ஸ்பெக்ட்ரம் லைட் சார்," என்றாள். "வெயில்ல இருக்கற எல்லா நிறமும் இதுல இருக்கு. ஜன்னல் இல்லாத ரூமுக்கு இதுதான் வெயில்."

"மாடியில இருக்கற செடிக்கெல்லாம் ரெண்டு நிமிஷம். இதுக்கு மட்டும் அரைமணி நேரம். நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

"மாடியில ஜன்னல் இருக்கு சார்."

"நல்லா பேசறீங்க. ஆனா இனிமே அந்தக் கவலை வேணாம். நாளையிலேர்ந்து கட்டடம் முழுக்க பிளாஸ்டிக் செடி. பேப்பர் இருக்கற இடத்துல தண்ணி எதுக்கு? தண்ணி வேணாம், லைட் வேணாம், வாராவாரம் ஆளும் வர வேணாம்."

கிளார்க்கின் கையிலிருந்த கோப்பு நழுவி மேஜையில் விழுந்தது.

"சார், இந்த ஒண்ணை மட்டும் விட்டுடுங்க," என்றான். "காலையில இங்க இறங்கினா, சூரியன் கிழக்க உதிச்சுதா மேற்க உதிச்சுதான்னுகூட எனக்குத் தெரியாது. இந்த லைட் வந்த பிறகுதான் ஒழுங்கா தூக்கம் வருது. எங்க அக்காவே கேட்டாங்க, 'என்னடா தம்பி, மூஞ்சியில களை வந்திருக்கே'ன்னு."

மேனேஜர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். சில மாதங்களுக்கு முன்புவரை அலுவலகமே அவனை விடியாமூஞ்சி என்றுதான் கூப்பிட்டது. இப்போது அப்படிக் கூப்பிட முடியாதுதான்.

"செடிக்கு வச்ச லைட்டுல இவரு வெயில் காயறாராம்!"

"செடியும் நல்லா இருக்கே சார்," அவன் விடவில்லை. "மேல இருக்கறதெல்லாம் மஞ்சளடிச்சுப் போய் நிக்குது. இதைப் பாருங்க, ஒரு இலை உதிர்ந்ததில்ல."

உண்மைதான். இலைகள் எண்ணெய் தேய்த்ததுபோல் பளபளத்தன. மேனேஜர் கிட்டே போய்க் குனிந்தார்.

"அப்படி என்ன அதிசயச் செடி இது?"

"தொடாதீங்க சார்!"

இரண்டு குரல்கள் ஒரே நேரத்தில் எழுந்தன. கிளார்க் வியப்போடு செடி மேடத்தைப் பார்த்தான். அவள் அவசரமாகத் துணியைப் பிழியத் தொடங்கினாள்.

அதற்குள் மேனேஜர் தண்டைப் பிடித்துவிட்டார். செடி முழுசாகக் கையோடு வந்தது. அடியில் வேர் இல்லை. விலைச்சீட்டு ஒட்டியிருந்தது.

"பிளாஸ்டிக்! இதையா வாராவாரம் குளிப்பாட்டறீங்க? நல்லா காது குத்தினீங்கம்மா எங்களுக்கு!"

"அவங்க மேல தப்பே இல்ல சார்." கிளார்க் குறுக்கே வந்து நின்றான். "நிஜச் செடி மார்ச் ரெண்டாவது வாரமே செத்துப்போச்சு. நான்தான் தண்ணிய ஊத்தி ஊத்திக் கொன்னுட்டேன். செடி இல்லேன்னா இவங்க கீழ வர மாட்டாங்களேன்னு..." அவன் காதுமடல் சிவந்தது. "அதே மாதிரி ஒண்ணு வாங்கி வச்சேன். அடுத்த வாரமே, செடிக்கு வெளிச்சம் பத்தலைன்னு இந்த லைட்டைக் கொண்டுவந்து மாட்டினாங்க. பாவம் சார், அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

"தெரியாதா? செடியே பொழப்பா இருக்கறவங்களுக்கா?" மேனேஜர் அவள் பக்கம் கையை நீட்டினார். "ஒவ்வொரு செடிக்கும் அட்டை போட்டு, எப்படி இருக்குன்னு வாராவாரம் எழுதுவீங்களே, இதோட அட்டையைக் குடுங்க. பிளாஸ்டிக்கைப் பத்தி என்ன கதை எழுதியிருக்கீங்கன்னு பாக்கறேன்."

"அது... அது வேணாம் சார்."

"குடுங்கம்மா."

அவள் கொடுத்தாள். கொடுத்துவிட்டுத் தரையைப் பார்த்தாள்.

சத்தமாகப் படிப்பதற்காகத் தொண்டையைச் செருமிக்கொண்ட மேனேஜர், படிக்கவில்லை. கண்கள் மட்டும் வரி வரியாக இறங்கின. பிறகு செடியைப் பழையபடி தொட்டியில் செருகி, விளக்குக்கு நேராகத் திருப்பி வைத்தார்.

"இந்த ரூமுக்குப் பிளாஸ்டிக் செடி முன்னாடியே வந்தாச்சு," என்றார். "தூசி படியாம துடைக்க வாரத்துக்கு ஒரு ஆள் வேணும். லைட்டும் இருக்கட்டும்."

அட்டையைக் கிளார்க்கின் கையில் வைத்துவிட்டு அவர் படியேறிப் போனார். கிளார்க் ஒன்றும் புரியாமல் அதை விளக்கடியில் பிடித்துப் படித்தான்.

'மார்ச் 20: செடி பிளாஸ்டிக். வாடியிருப்பது அவர் முகம்தான். என் வீட்டு விளக்கைக் கொண்டுவந்து மாட்டினேன்.

ஏப்ரல் 10: முகத்தில் கொஞ்சம் தெளிவு.

மே 8: இன்று சிரித்தார்.'