ஒல்லிக்கு இல்லாத பட்டை

எண்பது கிலோவைத் தாண்டிய பெண் ஓட்டுநர்கள் காலையில் அரைமணி நேரம் வேகமாக ஓடிக் காட்டினால்தான் மெட்ரோ ரயிலின் சாவி கைக்கு வரும். ஓடி முடிக்கும்போது மணிக்கட்டில் கட்டிய பட்டை பச்சையாக இருக்க வேண்டும். உடம்புக்குள்ளே செல்கள் நைந்துபோனால் அது சிவக்கும். மூன்று முறை சிவந்தால் வேலை போய்விடும்.

ஏற்கெனவே இரண்டு சிவப்பு வாங்கியிருந்த மரகதவல்லிக்கு இன்று இருபத்தெட்டாம் நிமிடத்தில் பட்டை சிவந்தது. அவள் டிரெட்மில்லை நிறுத்தினாள்.

பக்கத்து மெஷினில் கூடவே ஓடிய பயிற்சியாளர் அனிலா குதித்து இறங்கினாள். ஐம்பது கிலோகூட இருக்கமாட்டாள்.

“பட்டைதான் கெட்டுப்போச்சுக்கா. என் கையில பச்சை காட்டும் பாருங்க. அதையே உங்க கணக்குல ஏத்திவிட்டுடறேன்.”

மரகதவல்லியின் பட்டையைக் கழற்றித் தன் கையில் மாட்டினாள். சிவப்பு இன்னும் அடர்ந்தது. பட்டை விடாமல் அலறியது.

மரகதவல்லி மூச்சு வாங்கியபடி கேட்டாள். “ஒரு நாளைக்கு எத்தனை பேட்ச் கூட ஓடறே?”

“ஒன்பது.”

“உனக்கு யாரும் இதை மாட்டிப் பாத்ததே இல்லையா?”

“எனக்கெதுக்குக்கா? நான்தான் ஒல்லியாச்சே.”

வாசலில் அடுத்த பேட்ச் காத்திருந்தது. அனிலா மறுபடி மெஷினில் ஏறினாள்.

மரகதவல்லி சாவியைக் கேட்கவில்லை. போய் அந்த மெஷினின் பிளக்கைப் பிடுங்கினாள்.