ஏணிச் சண்டை

"ஏணியை யாரைக் கேட்டு மாடி வீட்டுக்காரனுக்குத் தூக்கிக் கொடுத்தீங்க?"

அம்மா போட்ட சத்தத்தில் நர்ஸ் பதறி ஓடி வந்தாள்.

அப்பா ஸ்ட்ரெச்சரில் கிடந்தார். இன்னும் கொஞ்ச நேரத்தில் இதய ஆபரேஷன். எதற்கும் மனதைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"ஏம்மா, மனுஷர் இருக்கிற இருப்புல இதா பேச்சு?" என்றாள் நர்ஸ்.

மகள் அவளை மெல்ல ஓரமாக இழுத்தாள். "விடுங்க சிஸ்டர். அம்மா இப்படித்தான் வழியனுப்புவாங்க."

அப்பா எலெக்ட்ரீஷியன். கூடவே ரிசர்வ் படைக்காரர். ராணுவம் கூப்பிட்டால் ஸ்க்ரூடிரைவரை வைத்துவிட்டுத் துப்பாக்கியைத் தூக்க வேண்டும். தலை நரைக்கும் வரை விடாமல் கூப்பிட்டார்கள்.

கல்யாணமான புதிதில் முதல் அழைப்பு. அன்று காலை ஜன்னல் திரைக்காக இருவருக்கும் நிஜமாகவே சண்டை. "வந்து பேசிக்கிறேன்" என்று கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனார் அப்பா.

அதே ராணுவ லாரியில் போன எதிர் வீட்டுக்காரனை அவன் பெண்டாட்டி கட்டிப்பிடித்து, கொஞ்சி அனுப்பினாள்.

அவன் திரும்பவில்லை.

அப்பா திரும்பினார். பூட்ஸைக்கூடக் கழற்றாமல், "அந்தத் திரையில என்னடி குறை?" என்று விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார்.

அம்மா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். சண்டையைப் பாதியில் விட்டுப் போகிற மனுஷன், மீதியைப் போட வந்துதானே ஆக வேண்டும்?

அதன் பிறகு அழைப்புக்கு ஒரு சண்டை. விஷயம் சிக்காத வருஷங்களில் நல்ல குழாயைத் தானே முறுக்கி ஒழுக விட்டுவிட்டு, "இதைக்கூடப் பார்க்க மாட்டீங்களா?" என்று பிடித்துக்கொள்வாள். அப்பாவும் சளைக்காமல் எகிறுவார்.

விவரம் தெரியாத வயதில் மகள் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கடியில் ஒளிந்திருக்கிறாள். விவரம் தெரிந்த பிறகோ, அப்பா எகிறினால்தான் அவளுக்கு மூச்சே வரும்.

இப்போதும் அதற்காகத்தான் காத்திருந்தாள்.

"வாயைத் திறங்களேன்! ஊருக்கெல்லாம் ஏணி, எனக்கு மட்டும் உடைஞ்ச முக்காலியா?"

அப்பா கண்ணைத் திறந்தார். அம்மாவையே பார்த்தார்.

"நீ சொல்றதுதான் சரி" என்றார். "உன்னைக் கேட்காம கொடுத்தது தப்புதான். மன்னிச்சுக்கோ."

ஸ்ட்ரெச்சர் நகர்ந்தது.

அம்மா செருப்பை உதறிவிட்டு ஸ்ட்ரெச்சரின் பின்னால் ஓடினாள்.

"ஐயோ, இல்லீங்க... ஏணியைக் கொடுத்தது நான்தாங்க! நீங்களும் பக்கத்துலதானே நின்னீங்க? திட்டுங்க... என்னைத் திட்டிட்டுப் போங்க!"